அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல் (இந்தியா)

அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல் என்பது, காவலர், தீயணைப்பு வீரர் போன்ற பொது ஊழியர் தம் கடமையைச் செய்யும்போது வேண்டுமென்றே இடையூறு விளைவிக்கும் குற்றமாகும். இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதனையும் இதனோடு தொடர்புடைய குற்றங்களையும் வரையறுக்கிறது. அதற்கு முன்னர் இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 186, 353, 332, 333 ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றிருந்தன.

பிரிவுகளும் தண்டனைகளும்

• பிரிவு 221: பணிக்கு இடையூறு செய்தல். 3 மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராத வரம்பு 500 ரூபாய்.
• பிரிவு 132: கடமையைத் தடுக்கும் நோக்கில் தாக்குதல் அல்லது குற்றமுறு வன்முறையில் ஈடுபடுதல். 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.
• பிரிவு 121: அதே நோக்கில் காயம் ஏற்படுத்துதல். 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயமாயின் 1 முதல் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

பிரிவுகளுக்கிடையேயான வேறுபாடு

பிரிவு 221 பிணையில் விடத்தக்க குற்றம். இதில் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. பாதிக்கப்பட்ட ஊழியரோ, அவருடைய மேலதிகாரியோ, அவ்வூழியரால் அதிகாரமளிக்கப்பட்ட வேறொரு பொது ஊழியரோ எழுத்து மூலம் முறையிட்டால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை ஏற்கும். பிரிவு 132-இன் கீழ் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். பிணை கேட்டுப் பெறுவது உரிமையன்று, நீதிமன்றத்தின் முடிவுக்கு உட்பட்டது. எனவே வாய்த்தகராறாக முடிந்த ஒரு நிகழ்வில் பிரிவு 132 சேர்க்கப்பட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவர் சிறை செல்லும் நிலை ஏற்படலாம்.

நீதிமன்றத் தீர்ப்பு

பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் அதிகாரி ஒருவரின் நடத்தையைக் குறைகூறி எழுதியவர்கள் மீது பழைய பிரிவு 353-இன் கீழ் வழக்குப் பதியப்பட்டது. தாக்குதலோ வன்முறையோ நிகழாத நிலையில் அப்பிரிவு பொருந்தாது எனக் கூறி, 2015-இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது.

தற்காப்பு உரிமையின் வரம்பு

பொது ஊழியர் நல்லெண்ணத்துடன் தம் பதவியின் பெயரால் செய்யும் செயல், சட்டப்படி முற்றிலும் சரியானதாக இல்லாவிடினும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தராதவரை அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை இல்லை (பிரிவு 37). அத்தகைய செயலை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கைகலப்பால் எதிர்த்தால் தனிக் குற்றமாகும்.

அவசர ஊர்திகள்

ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டி ஆகியவற்றுக்கு ஒதுங்கி வழிவிடாத ஓட்டுநருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.