அகாலக் கறள்

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர் அதனைச் சுற்றி வந்து பார்ப்பார். கதவைத் திறந்து மூடுவார். இயந்திரத்தை முடுக்கி அதன் ஒலிக்குச் செவி கொடுப்பார். நிலத்தில் முழங்காலூன்றிக் குனிந்து அதன் அடிப்புறத்தை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் வண்டியின் ஆயுள், சில வேளைகளில் அதில் ஏறிச் செல்வோரின் ஆயுளுங்கூட, அந்த இருண்ட பகுதியிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

நூல்களில் துரு என்றும் நம் வீடுகளில் கறள் என்றும் வழங்கும் இந்நோய் இரும்புக்கு இயல்பானது. நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் இரும்பு பெரும்பாலும் ஒட்சிசனோடு கூடிய கல்லாகவே கிடைக்கின்றது. உலையிலிட்டு அந்த ஒட்சிசனைப் பிரித்தபின்பே அது உலோகமாகின்றது. ஈரமும் காற்றும் கிட்டியவுடன் பழைய நிலைக்கு மீள முயல்கின்றது. முப்பது ஆண்டு ஓடிய வண்டியின் அடித்தட்டில் ஓட்டை விழுந்தால் அதனை மூப்பென்று ஏற்றுக்கொள்ளலாம். ஆறாண்டிலேயே விழுந்தால்? அதையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமன்று. காலத்துக்கு முந்திய கறளுக்கு மனிதர் எவரேனும் பொறுப்பாளியாக இருப்பர்.

அவர் யாரென்று அறிய, கறள் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். வண்டியின் அடிச்சட்டமும், கதவுகளின் கீழே நீண்டு செல்லும் ஓரப் பெட்டிகளும் உள்ளே வெறுமையானவை. பாரம் குறைந்தும் உறுதி மிகுந்தும் இருத்தற்பொருட்டு அவற்றை அவ்வாறு அமைக்கின்றனர். சக்கரங்கள் வாரியடிக்கும் சேறும் நீரும் அவ்வெறுமைக்குட் புகுந்துவிடுகின்றன. நீர் வடிந்தோடுதற்கென இடப்பட்ட சிறு துளைகள் நாளடைவில் மண்ணால் அடைபட்டுப் போகின்றன. வெளிப்புறம் வெயிலில் உலர்ந்துவிட்டாலும் உட்புறம் வாரக்கணக்கில் ஈரமாயிருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேலொன்று பொருந்தும் இடுக்குகளில் நிலைமை இதனினும் மோசம். காற்றுக் குறைவான உட்பகுதி கரைய, காற்று மிகுந்த வெளிவிளிம்பு தப்பிக்கொள்கின்றது. காற்றுப் படாத இடம் பத்திரமானதென்று நாம் எண்ணுவதற்கு இது நேர்மாறானது.

உப்புச் சேர்ந்தால் இச்செயல் பன்மடங்கு விரைவுறும். இரும்பு கரிப்பதற்கு ஒரு சிறு மின்னோட்டம் வேண்டும். உப்புக் கரைந்த நீர் அம்மின்னை எளிதிற் கடத்துகின்றது. பனி உருகுவதற்காக மேனாட்டு வீதிகளில் தூவப்படும் கல்சியங் குளோரைட்டோ காற்றிலுள்ள ஈரத்தையும் தானே ஈர்த்து வைத்துக்கொள்வது. இவ்வாறு உண்டாகும் கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனாலேதான் மைப்பூச்சு வீங்கிக் கொப்புளிக்கின்றது. அக்கொப்புளம் நம் கண்ணிற்படும் நாளில் உள்ளேயுள்ள தகட்டின் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கக்கூடும்.

இத்தாலிய வண்டியொன்றின் வரலாறு இதற்கு நல்ல சான்று. லன்சியா என்னும் பழம்பெரும் நிறுவனம் 1969ஆம் ஆண்டில் பியற் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1972இல் பீட்டா என்னும் வண்டியை வெளியிட்டது. ஓட்டத்திற் சிறந்ததென்று அது பெயர் பெற்றது. ஆனால் இயந்திரத்தைத் தாங்கும் முன்புறத் துணைச்சட்டம் உடலோடு பொருந்தும் இடங்கள் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போகத் தொடங்கின. 1980இல் பிரித்தானியப் பத்திரிகைகள் இதனைப் பெரிதாக எடுத்து எழுத, முதற்றொகுதி வண்டிகள் பலவற்றை லன்சியாவே திரும்ப விலைக்கு வாங்க நேர்ந்தது. இயந்திரம் வீதியிற் கழன்று விழும் என்ற பேச்சு மிகைப்பட்டதே. எனினும் போன பெயர் மீளவில்லை. 1994இல் லன்சியா பிரித்தானியச் சந்தையை விட்டே விலகியது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் அந்நாட்டவர் இன்றும் நினைவு வைத்திருப்பது கறளைத்தான்.

யப்பானிய வண்டிகள் இவ்வகையிற் குறையற்றவை என்று நம்மவரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. டொயோட்டா நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் விற்ற ரக்கோமா என்னும் சிறு லொறியின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். 1995 முதல் 2000 வரையிலான மாதிரிகளின் அடிச்சட்டத்துக்குப் போதிய கறட்காப்புச் செய்யப்படவில்லை என்பது வெளிப்பட்டது. 2008இல் அந்நிறுவனம் அவற்றுக்கான பொறுப்பைப் பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டியது. திருத்தவியலாத வண்டிகளை அவற்றின் சந்தை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்து மீள வாங்கவும் செய்தது. அத்துடன் விவகாரம் ஓயவில்லை. பிந்திய மாதிரிகள் குறித்தும் வழக்கு எழுந்தது. 2016இல் ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகளைத் தழுவிய உடன்பாடொன்று ஏற்பட்டது. அதன் மதிப்பு 340 கோடி டொலர் வரை செல்லக்கூடுமெனக் கணிக்கப்பட்டது. தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த சில படலங்கள் பூச்சுக்கு அந்நிறுவனம் கொடுத்த விலை இது. தனிமனிதர் ஒருவர் சென்று முறையிட்டிருந்தால், வண்டியை ஒழுங்காகக் கழுவவில்லையோ என்ற கேள்வியே அவருக்கு விடையாகக் கிடைத்திருக்கும்.

கழுவும் கேள்வி வேறோரிடத்தில் உண்மையாகவே எழுந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் 1999 முதல் 2003 வரையிலான லொறிகள் சிலவற்றில் பிறேக் எண்ணெய் செல்லும் உருக்குக் குழாய்கள் கறளேறி வெடிப்பதாக முறைப்பாடுகள் வந்தன. குழாய் எப்பொழுது வெடிக்கும்? ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டு மிதியைப் பலமாக அழுத்தும்போது, குழாயினுள் அமுக்கம் உச்சத்தை எட்டும்போது. பிறேக் மிகத் தேவையான அதே கணத்தில். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் பல ஆண்டுகள் விசாரித்து, இது காலத்தால் நேரும் தேய்வே என்று கூறி, வண்டிகளை மீள அழைக்குமாறு பணிக்காமலே 2015 ஏப்பிரலில் விசாரணையை முடித்தது. அடிப்புறத்தை நன்கு கழுவுமாறு உரிமையாளருக்குப் புத்திமதியும் சொன்னது. புத்திமதி நல்லதே. ஆனால் சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1976 முதலே செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களைத் தன் வண்டிகளுக்கு இட்டு வந்தது. உப்பு நீர் அவற்றை எளிதில் அரிப்பதில்லை. வழி தெரிந்திருந்தும் விலை கருதி விடப்பட்டதை முழுவதும் காலத்தின் தலையிற் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூசி மறைப்பதால் மட்டும் காரியம் ஆகாது என்பதற்கு டிலோறியன் என்னும் வண்டியைக் கூறலாம். வட அயர்லாந்தின் டன்மறியில் 1981, 1982ஆம் ஆண்டுகளில் அது செய்யப்பட்டது. அதன் மேற்றகடுகள் கறைபடா உருக்கினாலானவை; மையே பூசப்படாமல் வெள்ளிபோல் ஒளிர்பவை; கறளேறாதவை. அதே வண்டியின் அடிச்சட்டமோ சாதாரண உருக்கு! எபொட்சிப் பூச்சுத்தான் அதற்குக் காவல். கல்பட்டு அப்பூச்சு வெடித்தவிடத்தில் நீர் உட்புகும். புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. பூச்சு முழுமையாக இருப்பதுபோலத் தோன்ற, அதன் கீழே இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டுக் கராஜ்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. விற்பனைக்கு வரும் பழைய வண்டியின் அடியிற் கறளின் மேலேயே கரிய தார்ப்பூச்சைத் தடித்துப் பூசிவிடுகின்றனர். பார்ப்பதற்குப் புதுமை, உண்மையில் நோயைப் போர்வைக்குள் வைத்து வளர்த்தல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய வண்டிகளின் விலை ஏறியபடியே சென்றது. ஓர் ஆசிரியர் தம் சேமிப்பு முழுவதையும் கொட்டி அத்தகைய வண்டியொன்றை வாங்கினால், அந்தத் தார்ப்பூச்சு அவரிடமிருந்து எதனை மறைக்கின்றது என்பது சிறிய கேள்வியன்று.

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வருபவற்றிலும் இதனைக் கவனித்தல் வேண்டும். ஆணி பதித்த குளிர்கால ரயர்கள் வீதியைச் சுரண்டித் தூசு கிளப்பியமையால் 1990இல் அங்கு அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அதன்பின் வடபுல வீதிகளில் உறைபனியைக் கரைக்கும் உப்பின் பாவனை மிகுந்தது. பனி காணாத நம் நாட்டுக்குள் அவ்வுப்பு சட்டங்களின் வெறுமைக்குள் ஒளிந்து கப்பலேறி வருகின்றது. நமது வெப்பமும் ஈரமும் அதன் வேலையை விரைவுபடுத்துகின்றன. அந்நாட்டு ஏலத்தாள்களில் அடிப்புறத் துருவைக் குறிக்கும் வழக்கம் உண்டு. அத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வாங்குவோர் கூச்சப்படுதல் ஆகாது.

நமக்கே உரிய உப்பும் இருக்கின்றது. பருத்தித்துறையிலோ மன்னாரிலோ கடலோரத்தில் நிற்கும் வண்டிக்குக் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசுகின்றது. மீன் ஏற்றும் லொறிகளில் உருகும் ஐஸ் நீர் உப்போடு கலந்து சட்டத்தின் மேலேயே சொட்டுகின்றது. கழுவுவதுதான் முதல் மருந்து. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பலவும் உவர்நீர்க் கிணறுகள். அந்நீரால் நாள்தோறும் அடிப்புறத்தைக் கழுவுபவர் வண்டிக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு உப்பையே ஊட்டுகின்றார். நல்ல தண்ணீர் கிடைக்காவிடின் மாரி மழையையாவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

கழுவுமுன் வடிதுளைகளை ஒரு கம்பியாற் குத்தித் திறந்துவிடவேண்டும். பின்னர் வண்டியை உயர்த்தி, சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல உருக்குக் கணீரென்னும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அவ்விடத்தில் திருகாணிச் செலுத்தியின் முனையை ஊன்றி அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். முனை உள்ளே இறங்கினால் பூச்சு வேலைக்கு இனி இடமில்லை. அழுகிய பகுதியை வெட்டியெடுத்து நல்ல தகடு வைத்து ஒட்டுவதே வழி. பாரந்தாங்கும் இடத்தில் அவ்வேலையைக் கைதேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும். பிறேக் குழாய் செதிலுரிந்து காணப்பட்டால் தேய்த்துத் துலக்கவே கூடாது, மாற்றிவிட வேண்டும்.

மேலாகப் படர்ந்த கறளாயின், உதிர்வதைக் கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டுக் கறள்மாற்றியைத் தடவலாம். பொசுபோரிக்கமிலமோ தனிக்கமிலமோ அதில் இருக்கும். தனிக்கமிலம் செந்நிறக் கறளைக் கருநிறச் சேர்வையாக மாற்றுகின்றது. நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் கூட்டி எழுதுமை செய்த இரசாயனமும் இதுவே. அதன்மேல் நாகம் கலந்த பூச்சு. உள்வெறுமைகளுக்கு நீண்ட குழாயால் விசிறப்படும் மெழுகு. மெழுகு நெகிழ்ந்திருப்பதால் தார்போல் வெடிப்பதில்லை. கழிவெண்ணெயை அடியில் விசிறும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது றப்பர்ப் பாகங்களை ஊதச் செய்வதுமன்றி, முற்றத்திற் சொட்டிக் கிணற்றையும் கெடுக்கும். இவ்வளவும் ஈரம் முற்றாக உலர்ந்தபின் செய்யவேண்டியவை; மாரி ஓய்ந்து சில நாள் நல்ல வெயில் எறித்த தை, மாசி மாதங்கள் அதற்கு ஏற்ற காலம்.