கெட்டுப்போன மீனுக்கும் காசு குடுத்தாச்சுல்ல? வேர்ட் ப்ராப்ளம் ஏன் பயமுறுத்துது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டுள்ளது.)

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசல. ஏழாம் வகுப்பு கணக்கு பத்திப் பேசப் போறோம். ஆஃப் பண்ணிடாதீங்க, காரணம் இருக்கு.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கருக்களாச்சேரி, காரைக்கால்ல கடலோரமா இருக்கிற மீனவ கிராமம். அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். கணக்குப் பரீட்சைப் பேப்பரை மடிச்சு பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான். எடுத்துப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல், பின்னம் எல்லாம் ஓரளவு சரி. வேர்ட் ப்ராப்ளம் மட்டும் வரிசையா தப்பு. "எனக்குக் கணக்கு வராது மாமா"ன்னு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர், "படிப்பு ஏறலன்னா விடு, கடலுக்குப் போகட்டும்"னார். கடலுக்குப் போறது ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா ஒரு பேப்பரைப் பார்த்து 12 வயசுல யாரும் அந்த முடிவை எடுக்கக் கூடாது, இல்லையா?

ஒரே கணக்கு, ரெண்டு பதில்

அவன் தப்பா போட்ட கணக்கு இந்த மாதிரி. ஒரு வியாபாரி 24 கிலோ ஆப்பிளை கிலோ 120 ரூபாய்க்கு வாங்குறார். 4 கிலோ அழுகிப்போகுது. மீதியை கிலோ 150-க்கு விற்கிறார். லாபம் எவ்வளவு?

இவன் 150-ல 120-ஐக் கழிச்சான், 30. மிச்சம் 20 கிலோ. 20 பெருக்கல் 30, 600 ரூபாய் லாபம். ஒவ்வொரு படியும் கணக்கா சரி, விடை மட்டும் தப்பு.

நான் எதையும் விளக்கல. "டேய், அம்மா ஏலத்துல 24 கிலோ கானாங்கெளுத்தி எடுக்குது. கிலோ 120. ஐஸ் பத்தாம 4 கிலோ கெட்டுப்போச்சு. மிச்சத்தைக் கிலோ 150-ன்னு வித்துட்டு வருது. கையில என்ன நிக்கும்?"னு கேட்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகல. "கெட்டுப்போன மீனுக்கும் காசு குடுத்தாச்சுல்ல மாமா? 2880 போட்டுச்சு, 3000 வந்துச்சு. 120 தான் நிக்கும்."

பையனுக்குக் கணக்கு வருது. ஆப்பிள் கணக்குல அவன் எண்களை மட்டும் பார்த்தான். மீன் கணக்குல நடந்ததைப் பார்த்தான். இந்த எபிசோடே அந்த வித்தியாசத்தைப் பத்திதான்.

பிரேசில் தேங்காய்

இது எங்க ஊர்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தெருவுல தேங்காய், பழம் விற்கிற 5 பிள்ளைங்களை வச்சு டெரெசினா கராஹரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு பண்ணி 1985-ல வெளியிட்டாங்க. வியாபாரத்துல வர்ற கணக்குல பிள்ளைங்க 98 சதவீதம் சரியா சொன்னாங்க. அதே மாதிரிக் கணக்கைக் கதையா எழுதி உட்கார வச்சுக் கேட்டா 74 சதவீதம். கதையே இல்லாம வெறும் எண்ணா குடுத்தா 37 சதவீதம்தான்.

கவனிச்சீங்களா? வெறும் எண்ணைவிட வேர்ட் ப்ராப்ளம் அவங்களுக்குச் சுலபமா இருந்திருக்கு! கதை நமக்கு எதிரி இல்ல. அதைக் கதையா பார்க்காம விடுறதுதான் பிரச்சனை.

அதுக்காக எல்லாத்தையும் மீனை வச்சே நடத்திட முடியாது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு டெல்லி, கொல்கத்தா சந்தைகள்ல வேலை பார்க்கிற பிள்ளைங்களை ஆராய்ஞ்சு 2025-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. சந்தைக் கணக்கை மனசுலேயே போடுற பிள்ளைங்க பள்ளிக்கூடக் கணக்குல தடுமாறினாங்க. பள்ளிக்கூடத்துல நல்லா போடுறவங்க சந்தைக் கணக்குல தடுமாறினாங்க. ஒரு பக்கத் திறமை தானா மறுபக்கம் போயிடாது. நடுவுல ஒரு பாலம் கட்டணும்.

தேவையைப் படிக்காம கோடு எழுதுற ஆளு

ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இந்த ஆளைத் தெரியும். கிளையன்ட் என்ன கேட்டார்னு முழுசா படிக்காம, டிக்கெட்ல ரெண்டு வார்த்தையைப் பார்த்ததும் கோடு எழுத ஆரம்பிச்சிடுவார். நானும் முதல் வருஷம் அந்த ஆளுதான்.

பிள்ளைங்களும் அதையே பண்றாங்க, ஏன்னா நாமதான் "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி"ன்னு குறுக்குவழி சொல்லித் தர்றோம். இதைப் பாருங்க: ராஜாகிட்ட 15 தூண்டில் முள் இருக்கு. அது மணிகிட்ட இருக்கிறதைவிட 4 அதிகம். மணிகிட்ட எத்தனை? "அதிகம்"ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் 19-ன்னு எழுதிடுறாங்க. சரியான விடை 11.

1995-ல மேரி ஹெகார்ட்டி, ரிச்சர்ட் மேயர், கிறிஸ்டோபர் மாங்க் மூணு பேரும் கல்லூரி மாணவர்களோட கண் அசைவையே பதிவு பண்ணிப் பார்த்தாங்க. தப்பு பண்றவங்க திரும்பத் திரும்ப எண்களையும் "அதிகம், குறைவு" மாதிரி வார்த்தைகளையும் தேடுறாங்க. சரியா போடுறவங்க யாரு, எதுன்னு நிலைமையை மனசுல கட்டிக்கிறாங்க.

எங்க பக்கத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிட்டதால, பிள்ளைங்க முன்னால இருக்கிறது இங்கிலீஷ் கணக்கு. வாக்கியமே புரியலன்னா எண்ணைத்தான பிடிச்சுக்கணும்? நீச்சல் தெரியாதவன் கையில கிடைச்ச கட்டையைப் பிடிக்கிற மாதிரி.

நாங்க பண்ணிப் பார்த்தது

லீவுல தினம் சாயங்காலம் அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூணே கணக்கு.

ஒண்ணு, எண்ணை மறைக்கிறது. கணக்குல இருக்கிற எண்கள் மேல விரலை வச்சு மறைச்சுட்டு, "என்ன நடக்குது? தமிழ்ல சொல்லு"ன்னு கேட்பேன். "ஒருத்தர் பழம் வாங்குறார், கொஞ்சம் அழுகிடுது, மிச்சத்தை விக்கிறார்." எண் கண்ணுல படலன்னா கதையைத்தான் படிச்சாகணும்.

ரெண்டு, பட்டை வரையறது. சிங்கப்பூர்ல 1980-கள்ல பள்ளிகளுக்குக் கொண்டு வந்த முறை இது. ராஜாவுக்கு ஒரு நீளப் பட்டை, மணிக்கு ஒரு பட்டை. யாரோடது நீளம்? ராஜாவோடது. எவ்வளவு நீளம்? 4. வரைஞ்சதும் 19-ன்னு சொல்ல வாயே வராது. விகிதம், சதவீதத்துக்கும் இதே பட்டை உதவும்.

மூணு, போடுறதுக்கு முன்னாடி சுமாரா ஒரு விடை. "லாபம் ஆயிரத்தைத் தாண்டுமா? நூறு பக்கம் வருமா?" தப்பா இருந்தாலும் பரவால்ல.

நாலு, விடையைத் திரும்பக் கதைக்குள்ள போட்டுப் பார்க்கிறது. 1980-களோட தொடக்கத்துல அமெரிக்காவோட தேசியத் தேர்வுல 13 வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு பஸ்ல 36 சிப்பாய் போகலாம். 1128 பேருக்கு எத்தனை பஸ் வேணும்? 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியா போட்டாங்க. ஆனா 32-னு எழுதினவங்க 23 சதவீதம்தான். நிறைய பேர் "31, மீதி 12"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அந்த 12 பேர் ரோட்டுலயே நிக்கிறாங்க!

அஞ்சு, அவனையே கணக்கு எழுதச் சொல்றது. போட்டுக்கு டீசல், ஐஸ் செலவைக் கழிச்சு மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறதை வச்சு ஒரு கணக்கு எழுதினான். அதையே துணிக்கடைக்கு மாத்து, பஸ் டிக்கெட்டுக்கு மாத்துன்னு சொன்னேன். நான் சொன்ன பாலம் இதுதான். மீன் போயி துணி வந்தாலும் உள்ள இருக்கிற அமைப்பு ஒண்ணுதான்னு அவனே கண்டுபிடிச்சான்.

ரெண்டு வாரத்துல அற்புதம் ஒண்ணும் நடக்கல. சதவீதக் கணக்குல இன்னும் மாட்டுறான். ஆனா போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "மாமா, ஒரு கணக்கு சொல்றேன், எண் சொல்ல மாட்டேன், முதல்ல கதையைச் சொல்லுங்க"ன்னு என்னையே மடக்கினான். பேப்பரை ஒளிச்சு வச்ச பையன்!

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு ஆறாவது, ஏழாவது இருந்தா, இன்னைக்கு ஒரே ஒரு கணக்கை எண்ணை மறைச்சுப் படிக்கச் சொல்லிப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.