பெறுமதி சேர் வரி (வற்)

மாணவர்களே, ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குச் சென்று மின்விசிறி வாங்கினாலும், கொடுக்கும் பணத்தில் வரி அடங்கியிருக்கலாம். இலங்கையில் பெறுமதி சேர் வரி 2002 ஆகஸ்ட் முதல் நடைமுறையிலுள்ளது. அரிசி, பாண் போன்றவற்றுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பதிவுசெய்யாத வியாபாரி இவ்வரியை அறவிட முடியாது.

உதாரணம் 1
வரி நீங்கலாக மின்விசிறியின் விலை ரூபா 9,500. வரி வீதம் 18%.
வரி = 9,500 × 18/100 = ரூபா 1,710
செலுத்தும் தொகை = 9,500 + 1,710 = ரூபா 11,210

உதாரணம் 2
வரி உட்பட எரிவாயு அடுப்பின் விலை ரூபா 5,900. வரி எவ்வளவு?

பலர் 5,900 இன் 18% ஐக் கண்டு ரூபா 1,062 என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். வரி கணிக்கப்பட்டது வரிக்கு முந்திய விலைக்கே. 5,900 இற்கு அன்று. அவ்விலை 100 எனின், வரியுடன் 118 ஆகும்.

வரிக்கு முந்திய விலை = 5,900 × 100/118 = ரூபா 5,000
வரி = 5,900 – 5,000 = ரூபா 900

சரிபார்த்தல்: 5,000 இன் 18% = 900. விடை சரி.

கவனிக்க:
• “வரி உட்பட”, “வரி நீங்கலாக” எனும் சொற்களின் கீழ்க் கோடிடுக.
• வீதம் காலத்துக்குக் காலம் மாறும். 2019 டிசெம்பரில் 8%, 2022 செப்டெம்பரில் 15%, 2024 ஜனவரியில் 18% ஆனது. எனவே வினாவில் தரப்பட்ட வீதத்தையே பயன்படுத்துக.
• கடைப் பற்றுச்சீட்டையும் இம்முறையில் சரிபார்க்கலாம்.

பயிற்சி
18% வரி உட்பட ஒரு பொருளின் விலை ரூபா 7,080. வரியைக் காண்க.
(விடை: ரூபா 1,080)