தாமிரபரணியில் அந்நியப் பச்சை

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீரை நம்பித்தான் ஏரல் வட்டாரத்து வாழையும் நெல்லும் நிற்கின்றன. அந்தத் தண்ணீரின்மேல் அமலைச்செடி குடியேறியிருக்கிறது. பூவைப் பார்த்தால் அழகு. வேலையைப் பார்த்தால் அழிவு!

தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. சாக்கடைச் சத்தை உண்டு, இரண்டொரு வாரத்தில் இரட்டிப்பாகிறது. பாய் விரித்தாற்போல் ஆற்றை மூடுகிறது. வெயில் உள்ளே புகாது, நீரில் பிராணவாயு குறையும், மீன் திணறும். மீனில்லாத ஆற்றில் நீர்க்காகத்துக்கும் நீர்நாய்க்கும் என்ன வாழ்வு? வலை வீசுவோனுக்குத்தான் என்ன கூலி?

கரையிலோ சீமைக் கருவேல்! 1877-இல் இந்நாட்டுக்கு வந்த மரம். அது அடர்ந்த இடத்தில் மருதும் நாணலும் தலையெடுப்பதில்லை. அதை அகற்ற உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டது. அந்நியத் தாவரங்களை ஒழிக்க மாநில சர்க்கார் 2022-இல் கொள்கை வகுத்தது. ஆணை உண்டு, கொள்கை உண்டு. ஆற்றில் செடியும் உண்டு!

ஏன்? மரத்தை வெட்டுகிறார்கள், வேரை விடுகிறார்கள். அமலையை அள்ளிக் கரையில் குவிக்கிறார்கள். அடுத்த வெள்ளம் அதை ஆற்றிலேயே சேர்க்கிறது. சாக்கடையும் ஓய்வின்றிக் கலக்கிறது. தீனி போட்டுக்கொண்டே திருடனை விரட்ட முடியுமா?

சர்க்காரிடம் நாம் கேட்கிறோம்: சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விடாதே! அள்ளிய செடியை உரமாக்கு! வேரோடு பிடுங்கும் வேலையை ஆண்டுதோறும் உள்ளூர்த் தொழிலாளிக்கே நியாயக் கூலியுடன் கொடு!

தோழர்களே, மீனுக்கும் பறவைக்கும் மனுப்போடத் தெரியாது. அதே தண்ணீரைக் குடிக்கும் நாம்தான் அவற்றுக்காகவும் குரல் எழுப்ப வேண்டும்.