மாறுபாட்டு ஊசியற்ற இதய எம்.ஆர்.ஐ.

மாறுபாட்டு ஊசியற்ற இதய எம்.ஆர்.ஐ. என்பது, பழைய மாரடைப்பு இதயத் தசையில் விட்டுச்சென்ற தழும்பை, நரம்பு வழியே எந்த மருந்தும் செலுத்தாமல் கண்டறியும் படமெடுப்பு முறையாகும். இதில் முதன்மையானது இயல்பு டி1 அளவீடு.

மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. சில வாரங்களில் அங்கே கொலாஜன் நிறைந்த தழும்பு உருவாகிறது. நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்துபோவதுண்டு. பின்னாளில் எடுக்கும் இ.சி.ஜி.யிலும் அது தென்படாமல் போகலாம்.

தழும்பைக் காண இன்று நிலைபெற்றுள்ள வழி காடோலினியம் ஊசிதான். ஊசி போட்டுச் சுமார் பத்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால் தழும்பு வெண்மையாகத் தெரியும். தழும்பு தசையில் எவ்வளவு ஆழம் பரவியுள்ளது என்பதைக் கொண்டு, அடைப்பை நீக்கியபின் தசையின் இயக்கம் மீளுமா என முன்னறியலாம் என்று ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் உள்ளிட்டோர் 2000இல் காட்டினர்.

சிக்கல் சிறுநீரகத்தில் உள்ளது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் அரிய நோய்க்கும் காடோலினியத்துக்கும் தொடர்பு இருப்பது 2006இல் தெரியவந்தது. பழைய வகை மருந்துகளில்தான் இந்த ஆபத்து மிகுதி. வளைய அமைப்புடைய புதிய வகைகளில் மிகக் குறைவு. ஆயினும் நீண்டகால நீரிழிவு இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே தாக்குவதால், ஊசி தேவைப்படுபவரே அதற்குத் தயங்க வேண்டியவராகவும் இருக்கிறார்.

காந்தப் புலத்தில் ரேடியோ அலையால் கலைக்கப்பட்ட ஹைட்ரஜன் கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தைக் குறிப்பதே டி1. 3 டெஸ்லா கருவியில் நலமான இதயத் தசைக்கு இது ஏறத்தாழ 1,200 மில்லிவினாடி. தழும்பில் செல்களுக்கு வெளியே உள்ள இடமும் நீரும் கூடுதல் என்பதால் அளவு உயர்கிறது. அமெரிக்காவின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் அவினாஷ் காளி, ரோகன் தர்மகுமார் முதலியோர் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், 3 டெஸ்லாவில் இவ்வாறு பழைய தழும்பின் இடத்தையும் பரப்பையும் அறியலாம் என்றன. 1.5 டெஸ்லாவில் வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. பழைய தழும்பில் கொழுப்பு படிந்தால் அளவீடு தடுமாறும். உட்சுவரில் மட்டுமுள்ள மெல்லிய தழும்பு தவறிப்போகவும் கூடும்.

1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது (சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்தது) மார்பினுள் பார்க்க எக்ஸ்-கதிரே இருந்தது. இன்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி நோயாளி இச்சோதனைக்கு ஒரு மையத்தை நாடும்போது, எம்.ஆர்.ஐ. இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது. கருவி எத்தனை டெஸ்லா, டி1 அளவிடும் மென்பொருள் உண்டா, இதயப் படத்தைப் படித்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் இருக்கிறாரா என்பவையே முடிவைத் தீர்மானிக்கும். கிரியாட்டினின் அறிக்கையையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்: சிறுநீரகம் நன்றாக இருந்தால், மருத்துவர் காடோலினியம் ஊசியையே பரிந்துரைப்பார்.