புது மோட்டாருக்கு எச்.பி. மட்டும் பார்த்தால் போதாது

கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் நம்மவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. போடலாம்?" என்பதுதான். பழசு 5 என்றால் புதுசு 7.5. "தண்ணி பிச்சுக்கிட்டு வரும் சார்" என்பார் கடைக்காரர். வங்கியில் நான் பார்த்த பம்புசெட் கடன் மனுக்களிலும் எச்.பி.யும் விலையும்தான் இருக்கும். எவ்வளவு உயரத்துக்கு, நொடிக்கு எத்தனை லிட்டர் என்று யாரும் எழுதியதில்லை. வாய்க்காலில் விட்ட காலத்தில் அது ஓடியது. சொட்டுநீர்த் தோட்டத்தில் ஓடாது. அழுத்தம் கூடினால் லேட்டரல் குழாய் பிடுங்கிக்கொள்ளும், குறைந்தால் கடைசி வரிசை காயும்.

போன சித்திரையில் எங்கள் 5 எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார் நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை வைண்டிங் கட்டியாயிற்று. புதுசு வாங்கப் போகுமுன் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 10 மீட்டர் உயரம், அதாவது 33 அடி, ஒரு கிலோ அழுத்தத்துக்குச் சமம். கோடையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் 15 மீட்டர் ஆழத்தில் நிற்கும். பில்டர், வால்வுகளில் 5 மீட்டர் போகும். வயல் மேட்டுக்கு 5, குழாய் உராய்வுக்கு 5. டிரிப்பர் ஒழுங்காகச் சொட்ட ஒரு கிலோ, அது 10 மீட்டர். ஆக மொத்த ஹெட் 40 மீட்டர்.

தண்ணீர் அளவு தனி. ஒரு வால்வில் முக்கால் ஏக்கர் பாய்கிறது. வரிசைக்கு 5 அடி, 2 அடிக்கு ஒரு டிரிப்பர் என்றால் சுமார் 3,250 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். மணிக்கு 13,000 லிட்டர், நொடிக்கு 3.6 லிட்டர். 40 மீட்டரில் நொடிக்கு 3.6 லிட்டர் தரும் பம்பு எது என்று கம்பெனி அட்டவணையில் தேடினால், 5 எச்.பி.யே தாராளம்.

7.5 வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் கிணறு. கோடையில் ஐந்து மணி நேரம் இறைத்தால் எங்களுக்குத் தரை தெரியும். ஊற்று மோட்டாரைக் கேட்டுக்கொண்டு ஊறுவதில்லை. பெரிய மோட்டார் அதே தண்ணீரைச் சீக்கிரம் காலி செய்யும், அவ்வளவுதான். தண்ணீர் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்த பிறகும் ஓடினால் வைண்டிங் போகும். சர்வீஸில் பதிவானதைவிடக் கூடுதல் எச்.பி. போட மின்வாரிய அனுமதிக்கு அலைவது தனிக் கதை.

அதே 5 எச்.பி. என்றாலும் புதுசு பழசு மாதிரி இருக்காது. பழைய பம்பின் இம்பெல்லர் தேய்ந்து தேய்ந்து அழுத்தம் நமக்குத் தெரியாமலே குறைந்திருக்கும். அதனால் முதல் நாள் பைபாஸ் வால்வை முழுக்கத் திறந்து, லேட்டரல் முனை மூடிகளைக் கழற்றி ஓட்டினேன். மண் வெளியேறியதும் மூடிகளை மாட்டி, பைபாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். பில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் கட்டாயம் வேண்டும். பின்னால் உள்ளது 2 கிலோ காட்டியபோது நிறுத்தினேன். மேட்டுக்கும் உராய்வுக்கும் ஒரு கிலோ போனால் வயலில் ஒரு கிலோ நிற்கும். கிளாம்ப் மீட்டரில் ஆம்ஸும் பார்க்க வேண்டும். மோட்டார் தகட்டில் போட்டதற்கு மேல் போகக் கூடாது. உயர ஹெட் பம்பை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் தண்ணீர் அதிகம் தள்ளி, ஆம்ஸ் ஏறும். அதில் எரிந்த மோட்டார்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

கேஜை மட்டும் நம்பாமல் கடைசி வரிசைக்கும் போங்கள். ஒரு டிரிப்பருக்குக் கீழே பாட்டில் வைத்து 3 நிமிடம் பிடியுங்கள். 200 மில்லி வர வேண்டும். முதல் வரிசையிலும் பிடித்து ஒப்பிட்டால், வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. ஜீவாமிர்தத்தை வென்ச்சுரியில் விடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வென்ச்சுரி உறிஞ்ச, அதன் இரு முனைக்கும் போதுமான அழுத்த வித்தியாசம் வேண்டும். பாட்டிலில் அளவு குறைந்தால் பம்பைத் திட்டுமுன் பில்டரைத் திறங்கள். இரண்டு கேஜுக்கும் அரை கிலோ வித்தியாசம் வந்துவிட்டாலே கழுவ வேண்டும். நன்றாக வடிகட்டாத ஜீவாமிர்தம் எந்தப் பம்பையும் தோற்கடிக்கும்.

பைபாஸில் கிணற்றுக்கே திரும்பும் தண்ணீருக்கும் கரண்ட் செலவாகிறது. இலவசம் என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அதிகமாகத் திரும்பினால் பக்கத்து வால்வையும் சேர்த்துத் திறந்து, பாய்ச்சும் நேரத்தைக் குறைக்கலாம்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் 3 மீட்டருக்கு வந்தது. பம்பு தூக்க வேண்டிய உயரம் 12 மீட்டர் குறைந்துவிட்டது. அன்று கேஜ் முன்னைவிட ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் கூடுதலாகக் காட்டியது, பைபாஸைத் திறந்து மறுபடி 2 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். மாசியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறேன்.