இணையதளத்துக்கும் ஒரு சாய்தளம்: பாதிச் செலவு அமெரிக்க அரசுடையது

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். அதே ஓட்டலின் இணையதளத்துக்குப் பார்வையற்ற ஒருவர் வருகிறார். அவருடைய போனில் இருக்கும் திரைவாசிப்பான் பக்கத்தை உரக்கப் படிக்கிறது: "படம். ஐஎம்ஜி 4471." மெனு கார்டைப் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிட்டார்கள், தோசை என்ன விலை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்து "பட்டன்" என்கிறது. அதற்கடுத்ததும் "பட்டன்"தான். ஒன்று ஆர்டர் கொடுக்க, மற்றது ரத்து செய்ய. எது எதுவென்று சொல்லும் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஆகும் செலவில் ஏறக்குறைய பாதியை வரியில் தள்ளிக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது புதுச் சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தில் மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டது 1990 ஜூலையில். சட்டத்தைப் பின்பற்றச் சிறு வியாபாரிகளுக்குக் கையில் காசு வேண்டுமே என்று, அதே ஆண்டு வரிச் சட்டத்தில் 44ஆம் பிரிவைச் சேர்த்தார்கள்.

கணக்கு எளிது. ஓர் ஆண்டில் செலவழிக்கும் முதல் 250 டாலர் வியாபாரியின் பொறுப்பு. அதற்கு மேல் 10,250 டாலர் வரையிலான செலவில் சரிபாதி தள்ளுபடி. தளத்தைத் திருத்த 4,250 டாலர் செலவானால் 2,000 டாலர் வரி குறையும். உச்சவரம்பு 5,000 டாலர். கவனிக்க: வருமானத்தில் கழிக்கும் தொகை அல்ல இது, கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது. கட்ட வரியே இல்லாத ஆண்டில் பணமாகக் கையில் வராது என்றாலும், பின்வரும் 20 ஆண்டுகளுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். அடுத்த ஆண்டு மறுபடி செலவு வந்தால் மறுபடி கேட்கலாம்.

முந்தைய ஆண்டின் மொத்த வரவு 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களும், முழுநேர ஊழியர் 30 பேருக்கு மேல் இல்லாதவர்களும் தகுதி பெறுவார்கள். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். தெருமுனைக் கடைகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் 44ஆம் பிரிவைத் தலைகீழாகப் படித்தாலும் 'இணையதளம்' என்ற சொல் கிடைக்காது. எப்படிக் கிடைக்கும்? டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையைச் செர்ன் ஆய்வகத்தில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பொதுமக்கள் கைக்கு அது வந்தது 1991இல். கட்டடத் தடை, போக்குவரத்துத் தடை என்று அடுக்கும் வரியில் 'தகவல்தொடர்புத் தடை' என்றும் இருக்கிறது. இணையதளச் செலவு நுழைகிற வாசல் அதுதான். 15,000 டாலர் வரை கழித்துக்கொள்ள விடும் 190ஆம் பிரிவு என்று இன்னொன்று உண்டு. அது கட்டடம், வாகனத்தோடு நின்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இணையதளத்துக்கு மாற்றுத்திறனாளிச் சட்டம் பொருந்துமா என்பதே நெடுநாள் வழக்காக இருந்தது. டொமினோஸ் தளத்தில் பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று பார்வையற்றவரான கில்லர்மோ ரோப்லஸ் வழக்குப் போட்டார். பொருந்தும் என்று 9ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் அக்டோபரில் மறுத்துவிட்டது. 2022 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகமும் அதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. கலிபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி ஒரு மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர் நஷ்டஈடு கேட்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு பதறுவதைவிட முன்பே செலவழிப்பது மலிவு.

செலவழித்ததெல்லாம் கணக்கில் சேராது. பல் மருத்துவர் ஒருவர் வாய்க்குள் படமெடுக்கும் கேமரா வாங்கிவிட்டு, காது கேளாத நோயாளிகளுக்கு விளக்க உதவுகிறது என்று இந்தத் தள்ளுபடியைக் கேட்டார். கேமரா இல்லாமலே அவர் சட்டத்தைப் பின்பற்றிக்கொண்டுதான் இருந்தார், அதற்காக இது தேவைப்படவில்லை என்று 2001இல் வரி நீதிமன்றம் கைவிரித்தது. கடையை அழகுபடுத்தப் புதுத் தளம் கட்டிவிட்டு மொத்த பில்லையும் நீட்டுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு குட்டு.

குறுக்குவழியும் கைகொடுக்காது. ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்செசிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டுமென்று 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. படத்துக்கு விளக்கம், பட்டனுக்குப் பெயர், வீடியோவுக்கு எழுத்து, மவுஸ் தொடாமல் கீபோர்டிலேயே பணம் கட்டும் வசதி: இவற்றை ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். அந்தக் கூலிக்குத்தான் தள்ளுபடி.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1990இல் வைத்த 10,250 டாலர் வரம்பை விலைவாசிக்கு ஏற்ப யாரும் உயர்த்தவில்லை. அன்றைய 5,000 டாலரின் மதிப்பில் இன்று பாதிகூட மிஞ்சவில்லை. அந்த மிச்சத்தையும் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

உங்கள் அண்ணனோ, அத்தை மகளோ அமெரிக்காவில் கடை வைத்திருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தளத்தைத் திருத்துகிறவரிடம், மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்த வேலைக்குத் தனி பில் கேட்டு வாங்கட்டும். வரிக் கணக்கு எழுதுகிறவரிடம் 8826 என்ற படிவ எண்ணைச் சொல்லட்டும்.